‘நல்லாத்தான் இருக்கு’: தீபாவளிப் புடவைத் தேடலில் ஓர் இடைச்சொல் ஆய்வு

‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் கண்டவர் தொல்காப்பியர். ‘ஏ’ என்பதற்கு ஐந்து கண்டார். ஆனால் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் அவர் ரங்கநாதன் தெருவுக்கு வந்ததில்லை. ஆகவே புடவைக் கடைத் ‘தான்’ அவர் கையில் சிக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வுக் களம் தியாகராய நகர். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி. நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. அடைமழைக் காலத்தில் ஏரிக்குத் தன் பழைய முகவரி ஞாபகம் வந்துவிடும் என்பதால், தீபாவளி நேரத்துக் கள ஆய்வுக்குக் குடை அவசியம். தரவு தந்தோர் இருவர்: என் அம்மா, என் அக்கா. அக்காவுக்கு அந்த மாதம் போனஸ் வந்திருந்தது. ஆய்வாளன் பை தூக்குபவனாகக் கலந்துகொண்டான். ‘பங்கேற்று நோக்கல்’ என்று மானிடவியலில் இதற்குப் பெயர். எங்கள் வீட்டில் ‘சும்மாதானே இருக்கே, நீயும் வா’ என்று பெயர்.

மாம்பலம் ரயில் நிலையத்திலேயே முதல் கருத்து வேறுபாடு. அங்கிருந்து பேருந்து நிலையம் வரை 2023இல் 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்கள். அக்கா அதில் போகலாம் என்றாள். “மேல போனா கடை எப்படிடி தெரியும்?” என்றாள் அம்மா. கீழே ரங்கநாதன் தெரு வழியாகவே போனோம். போலீஸ் ஒலிபெருக்கி நகையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அம்மா முந்தானையை இழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டாள். அந்தச் சின்னத் தெருவைக் கடப்பதற்குள் ஒரு டஜன் சேஃப்டி பின், ஒரு டீ வடிகட்டி, இரண்டு நைட்டி வாங்கியாயிற்று. வந்தது புடவைக்கு என்பது வாசகருக்கு மறந்திருக்கலாம். எங்களுக்கும் கொஞ்ச நேரம் மறந்துதான் போயிற்று.

இனிப் புடவைக் கடை.

‘தான்’ ஒட்டாத ‘நல்லா இருக்கு’ அரிய வழக்கு. பக்கத்து மேஜையில் வேறு யாரோ ஒரு பெண்மணி கையில் வைத்திருக்கும் புடவையைப் பார்த்து மட்டுமே அது வெளிப்படுகிறது. அவர் கீழே வைத்தவுடன் அதே புடவையை எடுத்து விரித்தால் ‘தான்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. இவ்விளைவை ஒரே மாலையில் மூன்று முறை கண்டேன்.

அக்கா சொல்லும் ‘நல்லாத்தான் இருக்கு’ எளிது: அழகை ஒப்புக்கொள்கிறேன், உடுத்த மாட்டேன். அம்மா சொல்வதுதான் ஆழமானது. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பட்டு ஒன்றைக் கடைக்காரர் தன் தோளிலேயே போட்டுக் காட்டினார். அம்மாவின் கண் முந்தியில் இருந்தது. கட்டைவிரல் மட்டும் மடிப்புக்குள் போய் விலைச்சீட்டைத் திருப்பியது. அதன் பிறகே வாய் திறந்தது: “நல்லாத்தான் இருக்கு.” இந்தத் ‘தான்’ தனக்குப் பின்னால் ஓர் ‘ஆனா’வை வேண்டி நிற்பது. அம்மா அந்த ‘ஆனா’வைச் சொல்வதே இல்லை. சொல்லாத அந்தச் சொல் கடைக்காரர் காதில் துல்லியமாக விழுந்தது. ஒரு தட்டு கீழிறங்கி, ஆயிரம் ரூபாய் குறைவான கட்டை எடுத்துப் போட்டார். இலக்கணத்தில் எனக்குத் தெரிந்த எந்த வாத்தியாரும் இவருக்கு ஈடில்லை.

அடுத்து, “இதுவும் நல்லாத்தான் இருக்கு.” இங்கே ‘உம்’ எச்ச உம்மை, முன்னால் பார்த்ததையும் தழுவிக்கொள்கிறது. அதாவது இரண்டையும் மடிக்கக் கூடாது. இப்படி ஓர் உம்மையால் மேஜையில் இருபத்துமூன்று புடவைகள் குவிந்தன.

பொறுமையிழந்த அக்கா மஞ்சள் பட்டை மறுபடி எடுத்து, “அம்மா, இது நல்லாத்தானே இருக்கு?” என்றாள். இந்த ஏகாரம் வினாவா, தேற்றமா? என் கணிப்பில் கெஞ்சல். அப்படியானால் இது ஆறாவது பொருள்.

“எனக்கு எதுக்குடி இவ்வளவு விலையில? நீ எடுத்துக்கோ. உனக்குத்தான் எடுப்பா இருக்கும்.”

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு பச்சைப் புடவைக்குப் பில் போடச் சொன்னாள் அம்மா. “இது போதும்” என்றாள். ‘நல்லா’ என்ற சொல்லே வரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். அக்கா என்னிடம், “அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஜூஸ் வாங்கிக் குடு. பில் போட்டுட்டு வரேன்” என்றாள். பில்லுக்கு வரிசை நீளம் போலிருக்கிறது. வர ரொம்ப நேரம் ஆயிற்று.

தீபாவளி விடியற்காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவிப் பலகையில் வைத்திருந்த புதுத் துணிகளை எடுக்க வந்த அம்மா நின்றுவிட்டாள். பச்சைக்கு மேலே மாம்பழ மஞ்சள்.

“இது எவ்வளவுடி?”

“ஆயிரத்து அறுநூறும்மா. தள்ளுபடியில போட்டிருந்தான்.”

அம்மா நாற்பது வருஷமாகப் புடவை வாங்குகிறவள். ஜரிகையை இரண்டு விரலுக்கிடையில் வைத்து மெல்லத் தேய்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“ஆயிரத்து அறுநூறுக்கு நல்லாத்தான் இருக்கு.”

இந்தத் ‘தான்’ எந்த வகை என்று கேட்டேன். “போய்க் குளிடா” என்றார்கள் இருவரும்.