கியர்பாக்ஸ் பேரிங்கில் பாடபேதம்: ஓர் ஆய்வு

பழைய பிரிட்டிஷ் காரின் கியர்பாக்ஸைப் பிரித்ததும், பேரிங்கின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் சில எழுத்துகள் தென்படும். அவையே மூலபாடம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படிப்பது பதிப்பாசிரியனின் முதற்கடமை.

துளை ஓர் அங்குலம், வெளிவிட்டம் இரண்டேகால், அகலம் அரையே அரைக்கால். இந்த ஒரே பொருளைச் செம்ஸ்ஃபோர்டு ஹாஃப்மன் ஆலை ‘எல்எஸ் 10’ என்றது. நியூவார்க்கின் ரேன்சம் அண்ட் மார்ல்ஸ் ‘எல்ஜே 1’ என்றது. ஸ்வீடனின் எஸ்கேஎஃப் ‘ஆர்எல்எஸ் 8’ என்றது. ஆயினும் மூலபாடப் பற்றாளர்கள் ஹாஃப்மனைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். பரணில் தூங்கிய பொட்டலத்தைத் தேடிப் பிடித்துப் பிரித்தால், கிரீஸ் பிசினாகி, ரேஸில் துருப்புள்ளி விழுந்திருக்கும். அதையும் காலத்தின் முத்திரை என்பார்கள். வண்டி ஓடும்போது அந்த முத்திரை கரகரக்கும்.

மெட்ரிக் திருத்தல்வாதிகள் 6205-ஐ முன்மொழிகிறார்கள். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை 25 மி.மீ.; ஓர் அங்குலமோ 25.4. ஷாஃப்டில் ஏறாது. வெளிவிட்டம் 52, ஹவுசிங்குக்கு வேண்டியது 57.15. உள்ளே நுழைய மறுத்து வெளியே தொளதொளக்கும் இப்பாடம் நிராகரிக்கப்படுகிறது.

உரையாசிரியர்கள் உண்மையில் முட்டிக்கொள்வது விகுதியில். ‘சி3’ என்றால் பாலுக்கும் ரேஸுக்கும் நடுவே வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி. ஷாஃப்டில் இறுக்கி ஏற்றும்போது உள்வளையம் சற்றே விரியும், சூட்டில் இன்னும் கொஞ்சம். அதற்காக விட்ட இடம் அது. இதை அறியாதவர் கடையிலேயே ஆட்டிப் பார்த்து, “என்னங்க, புதுசுலயே ஆடுது?” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

‘2ஆர்எஸ்’ என்றால் இருபுறமும் ரப்பர் சீல். பல் தேய்ந்த இரும்புத்தூள் பாலை அண்டாது என்பது ஒரு கட்சி. கியர் ஆயிலும் அண்டாதே என்பது எதிர்க்கட்சி. சில கைகாரர்கள் பின்கோடி பேரிங்கில் உள்பக்கச் சீலை மட்டும் நெம்பி எடுத்துவிடுகிறார்கள். உள்ளிருந்து ஆயில் வரும், வெளிச்சீல் ஒழுக்கைத் தடுக்கும். சுருள் தடத்தால் ஆயிலைத் திருப்பி அனுப்பப் பார்த்த பழைய பெட்டிகளுக்கு இதைவிட நல்ல உரையை யாமறியோம்.

எஞ்சியது இடைச்செருகல். ஹவுசிங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே, முன்பு கைவைத்த மெக்கானிக் யாரோ சிகரெட் டின்னில் வெட்டிச் செருகிய தகரப் பட்டை. பிராண்டின் பாதி எழுத்து இன்னும் தெரியும். அலுமினியம் தேய்ந்து வெளிவளையம் சுழலத் தொடங்கியதற்கு அவர் கண்ட மருந்து. கடைந்து ஸ்லீவ் போடுவதுதான் முறை. ஆனால் பட்டையை எறியுமுன் மைக்ரோமீட்டரில் அதன் கனத்தைப் பார்த்துக்கொள்ளவும். தேய்மானம் சுமார் எவ்வளவு என்று அவர் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.