பெர்ணம் பாலம் தாண்டும் காடி

மலேசியத் தீபகற்பத்தில் ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோகிறவர் தம் காடியை மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை. நம்பர் பிளேட் மாறாது. புது மாநிலத்துக்கென்று தனி வரி கிடையாது. பழைய மாநிலத்திடம் போய் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்கி வரும் வேலையும் இல்லை. வாகனப் பதிவும் சாலை வரியும் 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி கூட்டரசின் பொறுப்பு. அவற்றைக் கவனிப்பது ஜேபிஜே என்று நாடே அழைக்கும் சாலைப் போக்குவரத்து இலாகா. மாநில அரசுகளுக்கு நிலம் உண்டு, காடு உண்டு, காடி கிடையாது.

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிவதற்கு ஹுத்தான் மெலிந்தாங் பொருத்தமான ஊர். பேராக் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கிறது. கிள்ளானிலிருந்து வடக்கே வரும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை, பாலத்தில் ஏறும்போது சிலாங்கூரிலும் இறங்கும்போது பேராக்கிலும் இருக்கும். சிலாங்கூர்ப் பக்கத்துச் சபாக் பெர்ணத்தில் பெண் கொடுத்தவர்களும், அங்கிருந்து இங்கே மீன் வாங்க வருகிறவர்களும் காலையில் ஒரு மாநிலம், மதியம் ஒரு மாநிலம் என்று வாழ்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் மீன் பாலத்திலேயே கெட்டிருக்கும். 2017-இல் ஹிலிர் பேராக்கிலிருந்து பிரிந்து பாகான் டத்தோ தனி மாவட்டமானபோது ஊருக்கே மாவட்டம் மாறியது. அப்போதும் காடிகளுக்கு எந்தத் தகவலும் போகவில்லை.

சட்டம் ஒன்றும் கேட்காத இடத்தில் சனங்கள் கேட்கிறார்கள். அவர்கள் படிப்பது நம்பர் பிளேட்டின் முதல் எழுத்தை.

அந்த எழுத்து காடி முதன்முதலில் பதிவான மாநிலத்தைக் காட்டும். பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்கு பி (B), பகாங்குக்கு சி, கிளந்தானுக்கு டி. ரோமன் எழுத்தில் எழுதினால் பேராக், பினாங்கு, பெர்லிஸ், பகாங் ஆகிய நான்குமே இன்னொரு 'பி'யில் (P) தொடங்கும் என்பதால் அந்த எழுத்துக்குப் போட்டி இருந்திருக்க வேண்டும். அது பினாங்குக்குப் போனது. பெர்லிஸுக்கு ஆர் வாய்த்தது. பேராக் தன் பெயரில் இருக்கும் எழுத்துக்களில் ஒன்றைப் பெற்றது, அதுவும் அகரவரிசையின் முதல் எழுத்தை. பேராக்காரர்கள் இதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்வதில்லை.

கோலாலம்பூரின் கதை வேறு. அது 1974-இல் சிலாங்கூரை விட்டுப் பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாகி டபிள்யூ எழுத்தைப் பெற்றது. அதற்கு முன் அங்கே பதிவான காடிகள் பழைய பி (B) எழுத்துடனேயே ஓடின. ஆளும் நகரவில்லை, காடியும் நகரவில்லை, மாநிலம் மட்டும் நகர்ந்தது. அதையும் ஜேபிஜே அலட்டிக்கொள்ளாமல் ஏற்றுக்கொண்டது.

ஆகவே ஏ என்பது ஒருவிதப் பிறப்புச் சான்று. தோட்டத்து வேலை சுருங்கி, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நின்று, பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் என்று பிழைக்கப் போன காலத்தில் அவர்களோடு ஏ எழுத்தும் போனது. கிள்ளானில் ஓர் ஒட்டுக்கடை வாசலில் ஏ காடி நின்றால், "தம்பி பேராக்கா? எந்த எஸ்டேட்?" என்று யாராவது ஒரு பெரியவர் கேட்காமல் போக மாட்டார். தம்பி ஷா ஆலமில் பிறந்தவராக இருக்கலாம், காடி அவருடைய மாமனாருடையதாக இருக்கலாம். பெரியவருக்கு அது பொருட்டில்லை. ஜெண்ட்ராட்டா தோட்டத்தில் தொடங்கி தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் வரை விசாரித்து, எப்படியாவது ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் விடுவார். தலைநகரத்து எழுத்துதான் மதிப்பு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். டபிள்யூ காடியோடு தீபாவளிக்கு வருகிறவரை "பெரிய எடத்து ஆளு" என்று தோட்டத்துச் சனம் தள்ளி நின்று பார்த்த காலம் உண்டு. காடி பேங்க் கடனில் இருப்பதை எந்த எழுத்தும் காட்டுவதில்லை.

எழுத்துக்கு அடுத்தது எண். தமிழர்கள் கூட்டினால் எட்டு வரும் எண்ணைச் சனி என்று ஒதுக்குவார்கள். சீனர்களுக்கு எட்டு செல்வம். அவர்கள் மொழியில் சாவைப் போல ஒலிக்கும் நான்குதான் ஆகாது. தெலுக் இந்தான் போன்ற ஊரில் இந்த இரண்டு நம்பிக்கைகளும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருப்பதால், ஒருவர் வேண்டாமென்று தள்ளியதை அடுத்தவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார். இன ஒற்றுமைக்கு இவ்வளவு உதவிய வேறு அரசாங்க ஏற்பாட்டைச் சொல்வது கடினம். பிடித்த எண்ணுக்கு ஏலமும் உண்டு, 2019 முதல் அது இணையத்தில் நடக்கிறது. 2012-இல் ஜொகூர் சுல்தான் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1' என்ற எண்ணை 520,000 ரிங்கிட்டுக்கு எடுத்தார். மற்றவர்கள் எண் எதுவானாலும் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிச் சரிக்கட்டிக்கொள்கிறார்கள்.

சாலை வரியை, அதாவது ரோட் டேக்ஸை, நிர்ணயிப்பது என்ஜினின் கொள்ளளவு. காடியின் விலையையோ, அது எந்த ஊரில் தூங்குகிறது என்பதையோ அது கேட்பதில்லை. தீபகற்பத்தில் தனியார் செலூன் காடிக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் 660 சிசிதான். தோட்டத்துக் குடும்பங்கள் பல அதில் தாத்தா பாட்டி சகிதம் ஏறியதற்கு இந்த 20 வெள்ளியும் ஒரு காரணம். 1,200 வரை 55, 1,400 வரை 70, 1,600 வரை 90. அதுவரை ஏணி மெதுவாக ஏறுகிறது. 1,600-ஐத் தாண்டியதும் அடிப்படைத் தொகை 200-க்குத் தாவி, மேலே ஒவ்வொரு சிசிக்கும் சென் கணக்கில் சேர்கிறது. 1,998 சிசி காடிக்கு 379 ரிங்கிட். 3,000-க்கு மேல் போனால் 2,130 ரிங்கிட்டில் தொடங்கி ஒவ்வொரு சிசிக்கும் 4 ரிங்கிட் 50 சென். பெரிய என்ஜின் வைத்த இருபது வயது கிழக் காடிக்கு, சின்ன என்ஜினோடு வந்த புத்தம் புது ஆடம்பரக் காடியைவிட வரி அதிகம் என்பது இந்த முறையின் கோணல். மறுபக்கம், 150 சிசிக்குள் அடங்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டு வரி 2 ரிங்கிட்டாக இருந்தது. 2022 முதல் அதையும் விட்டுவிட்டார்கள்.

ரோட் டேக்ஸ் எடுக்க முதலில் இன்சூரன்ஸ் வேண்டும். பெரும்பாலான காடிகளுக்கு வரியைவிட இதுதான் கனம். மாநிலம் மாறியதைக் கவனிக்கக்கூடிய ஆளும் இங்கேதான் இருக்கிறார். 2017 ஜூலையில் மோட்டார் காப்புறுதிக் கட்டணம் தாராளமயமான பிறகு, காடி எங்கே நிறுத்தப்படுகிறது என்பதையும் கம்பெனிகள் கணக்கில் எடுக்கலாம். 36400 என்ற அஞ்சல் குறியீட்டில் தென்னை மரத்தடியில் நின்ற காடி, ஷா ஆலமின் அடுக்குமாடிக்குக் கீழே போய் நின்றால் அதன் ஜாதகம் வேறு. ஐந்து வருடம் கோரிக்கை இல்லாமல் ஓட்டியவருக்குக் கிடைக்கும் 55 விழுக்காட்டுக் கழிவு மட்டும் எந்தப் பாலத்தைத் தாண்டினாலும் கூடவே வரும்.

2023 பிப்ரவரி 10 முதல் ரோட் டேக்ஸ் ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை. கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைக் காட்டினால் போதும் என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார். பழைய ஸ்டிக்கரை வெந்நீர் வைத்து நகத்தால் சுரண்டும் கலை அத்தோடு அழிந்தது. போலீஸ் தடுப்பில் போனில் பேட்டரி இல்லாமல் நிற்கும் புதுக் கலை பிறந்தது.

கடல் தாண்டினால் தீபகற்பத்தின் இந்த ஒரே சீரான ஏற்பாடு மாறுகிறது. 1,600 சிசி வரையிலான காடிக்குத் தீபகற்பத்தில் 90 ரிங்கிட் என்றால் சபாவிலும் சரவாக்கிலும் 72. லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. அங்கே தீர்வை கட்டாமல் வாங்கிய காடியைப் பெரிய நிலத்துக்குக் கொண்டுவரச் சுங்க இலாகாவின் அனுமதி வேண்டும்.

எல்லை உண்மையிலேயே கடிப்பது எப்படியென்று பார்க்க இந்தியாவுக்குப் போக வேண்டும். அங்கே வாகன வரி அரசியலமைப்புப்படி மாநிலங்களின் பட்டியலில் இருக்கிறது. வரியைப் பெரும்பாலும் ஆயுளுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு 20 விழுக்காடு. இப்படி ஆயுள் வரி கட்டியவர் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி, கார் அங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு புது எண் எடுக்கச் சொல்கிறது. அதற்குப் பழைய ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். புது மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டும். பிறகு பழைய மாநிலத்திடம் மீதி ஆயுளுக்கான வரியைத் திருப்பிக் கேட்க வேண்டும். கார் தன் ஆயுளை முடிப்பதற்குள் அது வந்து சேர்ந்தால் நல்லது. 2021-இல் பி.எச். வரிசை எண் வந்தது. அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர்களும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் இதை எடுத்து இரண்டிரண்டு ஆண்டாக வரி கட்டலாம். மலேசியாவில் எல்லோருக்கும் கிடைப்பது அங்கே தகுதி பார்த்துக் கிடைக்கிறது.

மலேசியச் சட்டம் மாநிலத்தைக் கண்டுகொள்ளாவிட்டாலும் ஆளை விடுவதில்லை. காடி கைமாறினால் கடுமையான சடங்குகள் உண்டு. பரிசோதனை மையத்தில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில், அதாவது பதிவுப் பத்திரத்தில், இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பேங்க் கடன் தீர்ந்திருக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் தங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். அப்பா இறந்த பிறகு அவர் காடியை மகன் பெயருக்கு மாற்ற, இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அமானா ராயா போன்ற இடத்திலிருந்து கடிதம் வர வேண்டும். இதற்குச் சோம்பி, காடியை மச்சானிடம் வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டவர்கள் மச்சானின் சம்மன்களுக்கும் சட்டப்படி உரிமையாளர்கள்.

வீடு மாறியவர் கதையும் இதுதான். வேகக் கேமரா படம் பிடித்தால் சம்மன் பதிவில் உள்ள முகவரிக்குப் போகும். பிள்ளை ஷா ஆலமில் பறக்க, கடிதம் ஹுத்தான் மெலிந்தாங்கில் அம்மா கையில் இறங்கும். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தி, தீபாவளிக்கு வரும்போது கொடுக்கலாமென்று மறந்துவிடுவார். அடுத்த ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது முகப்பில், பெயர் கருப்புப் பட்டியலில் இருக்கிறது என்பார்கள். எனவே பாலம் தாண்டிக் குடிபோனவர்கள் மைகார்ட் அடையாள அட்டையின் முகவரியை விதிப்படி 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் மாற்றிவிட்டு, அதே கையோடு ஜேபிஜே ஏட்டிலும் மாற்றிவிடட்டும். ஏ எழுத்து அப்படியே இருக்கட்டும்.