காப்பிப் பணமும் பர்மாப் பணமும்

கேள்வி: காப்பி விற்ற பணத்தில் பிரேசிலின் சாவோ பாலோ பெரிய தொழில் நகரம் ஆகிவிட்டது. எங்கள் செட்டிநாட்டிலும்தான் பணம் கொழித்தது. ஏன் ஆகவில்லை?
- வாசகர், நேமத்தான்பட்டி

பதில்: ஆனதே, அம்பத்தூரில்! பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் 1949-இல் சைக்கிள் கம்பெனி தொடங்கியது அங்கேதான்.

சாவோ பாலோ 1554-இல் பாதிரியார்கள் மேட்டு நிலத்தில் அமைத்த சிற்றூர். காப்பி அதன் பக்கத்திலேயே விளைந்தது. 1867-இல் சாந்தோஸ் துறைமுகத்துக்கு ரயில் ஓடியது. பிழைப்புத் தேடி இத்தாலியரும் ஜப்பானியரும் வந்து குவிந்தார்கள். பணம் விளைந்த இடத்திலேயே ஆலையாக எழுந்தது. இன்று புறநகரோடு சேர்த்து சுமார் 2 கோடிப் பேர்!

செட்டிநாட்டு நகரத்தார் பணம் பெரும்பாலும் விளைந்தது பர்மாவின் நெல் வயல்களில். ஊருக்கு வந்த பங்கு வீடுகளில் தேக்குத் தூணாக நின்றுவிட்டது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் போட்ட முதல் அங்கேயே மாட்டிக்கொண்டது. மிஞ்சியது துறைமுகமும் சந்தையும் இருந்த பட்டணங்களைத் தேடிப் போனது.

கோட்டையூர் அழகப்பச் செட்டியார் சொந்த மண்ணை மறக்கவில்லை. 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்தார். 1953-இல் திறந்த அந்த ஆய்வகம் இன்று பேட்டரி ஆராய்ச்சியில் முன்நிற்கிறது. அதன் வாசலிலேயே ஒரு பேட்டரி ஆலை எழ வேண்டாமா? முதல் மனு நேமத்தான்பட்டியிலிருந்து போகட்டும், இரண்டாவது கையெழுத்து என்னுடையது!