மேலதிகாரியும் வைத்தியரும்

அமெரிக்க தேசத்தில் 1993-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின் விதிகளைப் புரட்டிக்கொண்டு போனால், விடுப்பில் படுத்திருக்கும் சிப்பந்தியின் நேர் மேலதிகாரி, அவருடைய வைத்தியரோடு எக்காரணங் கொண்டும் தொடர்பு கொள்ளலாகாது என்றொரு வாசகம் எதிர்ப்படுகிறது. மேலதிகாரிகளின் சுபாவத்தை நெடுநாள் அனுபவித்தறிந்த மகானுபாவர் ஒருவரே இதை எழுதியிருக்க வேண்டும்!

முதலாளி தரப்பு வைத்தியரோ, சிப்பந்திப் பிரிவு உத்தியோகஸ்தரோ, விடுப்பு நிர்வாகியோ, நேர் மேலதிகாரியல்லாத வேறோர் அதிகாரியோ அந்த வைத்தியரிடம் விசாரிக்கலாம். அதுவும், விடுப்புக்காக வைத்தியர் தந்த சான்றிதழிலுள்ள குறைகளைச் சரிசெய்யச் சிப்பந்திக்கு ஏழு நாள் அவகாசம் அளித்த பிற்பாடு. அப்பொழுதும், சான்றிதழ் மெய்தானா, அதிலுள்ளதன் பொருள் என்ன என்று கேட்கலாமேயொழிய, சான்றிதழ்ப் படிவம் கேளாத எதையும் இவர்கள் கேட்கக் கூடாது.

இதில் ரசமான பகுதி ஒன்றுண்டு. விளக்கம் பெறுவதற்குரிய நியாயமான காரணங்களில், வைத்தியரின் கையெழுத்தைப் புரிந்துகொள்வதையே விதி முதலாவதாக வைக்கிறது. உலகமெங்கும் நோயாளிகள் தலைமுறை தலைமுறையாகப் பட்ட துயரம் ஒருவழியாக ராஜாங்கத்தின் செவிக்கு எட்டிவிட்டது போலும். அந்த லிபியைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கவல்ல மருந்துக்கடைக்காரரை மட்டும், விசாரணைக்கு உரியோர் வரிசையில் ஏன் சேர்க்காமல் விட்டார்களோ, தெரியவில்லை.