அமீனாவும் குதிரையும்

எதிரியின் குண்டுக்கு அஞ்சாத கம்மவான்பேட்டை ஜவான், விவாகரத்து வழக்குப் போட்ட மனைவியின் ஜீவனாம்ச டிக்ரிக்கு அஞ்சத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், சத்துவாச்சாரி

டிக்ரிக்கு அஞ்ச வேண்டாம். 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, அவருடைய ஆயுதம், உடுப்பு, ஊழியத்துக்கென ஏறும் குதிரை இவற்றோடு சம்பளத்தையும் சேர்த்து, சிவில் கோர்ட்டு ஜப்தி செய்யலாகாதென்று ரட்சித்து வைத்திருக்கிறது. ஆனால் அதைப் படித்து மீசையை முறுக்கும் புருஷர்கள் 91-ஆம் பிரிவுவரை ஏடு புரட்டுவதில்லை: அங்கே, மனைவி மக்களின் ஜீவனத்துக்கான தொகையை, சர்க்கார் உத்தரவின்பேரில், சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்ள இடமிருக்கிறது. கோர்ட்டு அமீனாவாவது வாசலில் நின்று கதவைத் தட்டுவார்; சம்பள ஆபீசுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

வழக்காடவென்று லீவு பெற்றவர் இராணுவச் சான்றிதழோடு உங்களூர்க் கோர்ட்டில் மனுச் செய்தால், கூடியமட்டும் அந்த லீவுக்குள்ளேயே வழக்கை முடிக்க வேண்டுமென்பது 32-ஆம் பிரிவு. அம்மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. பரஸ்பர சம்மதத்தோடு பிரிவோரையோ ஹிந்து விவாகச் சட்டம் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது; ஜவானின் வருஷாந்தர லீவு இரண்டே மாதம். தக்க காரணமிருப்பின் அக்காத்திருப்பைக் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாமென்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டு வழிவிட்டிருக்கிறது.