கேம்பர் வேனில் லைட்டரின் இருப்பிடம்: ஓர் ஆய்வு

கேம்பர் வேனில் எந்தப் பொருள் தேவைப்படுகிறதோ, அது அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அடியில் இருக்கும். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ‘இருக்கும்’ என்று அடித்துச் சொல்லாமல் ‘இருக்கக்கூடும்’ என்று எழுதலாமே என்றாள் என் மனைவி. இரண்டு நாளும் உடனிருந்து பார்த்தவள் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. திருத்தம் ஏற்கப்படவில்லை.

முதலில் ஆய்வுக்களம். வேன் வாடகைக்கு எடுத்தது. உள்ளே ஏறக்குறைய ஆறடி அகலம், பத்தடி நீளம். பகலில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. ராத்திரி நடுவில் பலகையைப் போட்டு மெத்தையை விரித்தால் அதுவே கட்டில். சாமான் பெட்டிகள் எல்லாம் பெஞ்சுக்கு அடியில். பெட்டியைத் திறக்க மெத்தையைத் தூக்க வேண்டும். மெத்தையைத் தூக்க, மெத்தையில் இருப்பவரைத் தூக்க வேண்டும். இதை வடிவமைத்தவர் வீட்டில் பெரியப்பா என்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

முன்னோர் இதை அறிந்திருந்தார்களா? அறிந்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு விற்கும் உமணர்களின் வண்டி வருகிறது. குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் மாடுகளை ஓட்டுகிறாள், குடும்பமே வண்டியில்தான். நாம் கவனிக்க வேண்டியது காடிப் பானையை. காடியை ஊறுகாய் என்பாரும் உண்டு. அந்தப் பானையைக் கயிற்றால் பிணித்து வண்டியின் முன்பக்கம் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் வைக்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்த கூண்டு வண்டிகளில் லாந்தர் அடியில்தானே தொங்கியது என்று சிலர் மறுக்கலாம். அது வண்டிக்கு அடியில். தூங்குகிறவருக்கு அடியில் என்றாலும் வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டும். எனவே மறுப்பு நிற்காது.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல். 2024 மே மாதத்திலிருந்து அங்கே போகிற வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். அதையும் போட்டாயிற்று. என்ன வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள் என்றெல்லாம் கேட்கிறார்கள். அடுப்பு லைட்டர் எங்கே என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் மலையடிவாரத்திலேயே தேடியிருப்போம். காட் ரோட்டின் ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் பெஞ்சுக்கு அடியில் சாமான்கள் இடம் மாறும் சத்தம் கேட்டது. ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு விடுதி வளாகத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தார்கள்.

கொடைக்கானல் ஏரி தானாக உண்டானது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-இல் ஓடையை மறித்துக் கட்டியது. ஏறத்தாழ 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். மிஞ்சும் தண்ணீர்தான் கீழே வெள்ளி அருவியாக விழுகிறது. தண்ணீரைக் கூட ‘இங்கேயே இரு’ என்று ஓரிடத்தில் நிறுத்தி வைத்துவிட்டார் அந்த மனிதர்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணி. கண்ணாடியெல்லாம் பனி. மனைவி பாலைப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, “ஏங்க, லைட்டர் எங்க?” என்றாள். டாஷ்போர்டில் தீப்பெட்டி ஒன்று இருந்தது. மலை ஈரத்தில் நமத்துப்போய், உரசினால் மருந்து பக்கவாட்டில் சந்தனம் மாதிரி அப்பியது. தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்கே போய்விட்டு வந்தார்கள். நான் போக வேண்டிய தூரம் நான்கடி. நடுவில் பெரியப்பா.

இங்கே ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யாமல் போனால் வீட்டுக்குள் நுழைய முடியாது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காததே காரணம் என்பது என் மனைவியின் பள்ளி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எடுத்த இடம் சாயங்காலம் பெஞ்சாக இருந்து ராத்திரி கட்டிலாகிவிட்டது. இடமே இடத்தில் இல்லாதபோது வைப்பது எங்கே?

பெரியப்பாவை இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து வலது பெட்டியைத் திறந்தோம். சர்க்கரை, வெங்காயம், செருப்பு. வலது பக்கம் புரட்டி இடது பெட்டியைத் திறந்தோம். மிக்சர், மழைக்கோட்டு. மகன் பொறுமையிழந்து ஏரியைச் சுற்றக் கிளம்பினான். சுற்றுப்பாதை ஐந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் முழுச்சுற்று நடந்துவிட்டு வந்து, “இன்னுமாப்பா?” என்றான். நாங்கள் மூன்றடி கூட நகரவில்லை.

அப்போதுதான் வெடித்தது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் மதுரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்பியிருந்தது. என் முழங்கை அதன்மேல் பட்டுவிட்டது. பெரியப்பா அலறிக்கொண்டு எழுந்தார். ஸ்வெட்டருக்குள் கையை விட்டுச் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார்.

“பத்திரமா இருக்கட்டும்னு நான்தான்டா எடுத்து வச்சேன். இதுக்குப் போயா என்னைப் போட்டு உருட்டினீங்க?”

அவர் குப்புறப் படுத்துத் தூங்குகிறவர் என்பதால் லைட்டர் சொல்லுக்குச் சொல் அவருக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. கருதுகோள் நிரூபணமாயிற்று என்றேன். யாரும் மகிழவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீயில் சாறு இறங்கவில்லை என்று பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

நல்ல டீ தேடி ஏரிக்கரைக்கு நடந்தோம். பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் சிகரெட் லைட்டரை ஒரு சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் கடைக்காரர். அதே உமணர் முறை. பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், கையை நீட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மலையேரிக்கு வேனில் போகிறவர்கள் ஒரு முழம் கயிறு எடுத்துச் செல்லவும். அதைப் பெரியவர்கள் யாரிடமும் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டாம்.