கங்காணிக்குக் கண் எத்தனை?

இந்த வாரக் கேள்விகள் பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்திலிருந்து.

கேள்வி: என் சீட்டுக்கு நேர் மேலே கேமரா. டீ குடிக்கப் போனால் எத்தனை நிமிஷம் என்று மேனேஜர் கணக்கு வைக்கிறார். என்ன செய்வது? (வாசகர், கஞ்சிக்கோடு)

பதில்: எஸ்டேட்டில் வேலை வாங்கும் கங்காணியாவது கூடவே மழையில் நனைவார்; அட்டை அவர் காலையும் கடிக்கும். உங்கள் கங்காணி ஏ.சி. அறைச் சுவரில் சுகமாகத் தொங்குகிறார். ஆனால் எஸ்டேட் கங்காணியும் சாயங்காலம் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் பேச முடியும். நீங்களும் முடித்த வேலையைப் பட்டியல் போட்டு வாரா வாரம் மேனேஜர் மேஜையில் வையுங்கள். எண்ணுவதற்கு வேறு எதுவும் இல்லாதவர்தான் டீ நிமிஷத்தை எண்ணுவார்.

கேள்வி: "முப்பது வருஷம் ஒரே எஸ்டேட்டில் வாய் திறக்காமல் கொழுந்தெடுத்தோம். உங்களுக்கெல்லாம் பொறுமையே கிடையாது" என்கிறார் என் பாட்டி. நான் மூன்றாவது கம்பெனியில் இருக்கிறேன். தப்பு யார் மேல்? (வாசகி, மூணாறு)

பதில்: பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: "அன்றைக்கு வேலையை விட்டிருந்தால் ராத்திரி எங்கே படுத்திருப்பீர்கள்?" தோட்டத்து வரிசை வீடான லயம் கம்பெனியுடையது. தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் இருக்கும்வரைதான் வீடு. 58 வயதில் ஓய்வு பெற்றாலும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டைக் காப்பாற்றவே பிள்ளைகளில் ஒருவர் கூடையைத் தூக்கிய குடும்பங்கள் உங்கள் வரிசையிலேயே இருக்கும். பாட்டியின் பொறுமை லயத்துக்குக் கட்டிய வாடகை. நீங்கள் வாடகையை ரூபாயில் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான் தலைமுறை இடைவெளி.

கேள்வி: தொழிலாளியே முதலாளி ஆகிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் அல்லவா? (வாசகர், தேவிகுளம்)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பார்த்தாயிற்று. 2005-இல் டாடா டீ ஒதுங்கிக்கொள்ள, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் பிறந்தது; பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்கள் பேருக்கு வந்தது. 2015-இல் போனஸ் 10 சதவீதம்தான் என்று அறிவிப்பு வந்ததும், அந்தப் பங்குதாரப் பெண்களே மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பங்குப் பத்திரம் அவர்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. முடிவெடுக்கும் மேஜை வேறெங்கோ இருந்தது. ஒன்பது நாள் கழித்து 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று உடன்பாடு. கூட்டிப் பாருங்கள், அவர்கள் கேட்ட 20 அப்படியே வரும். கம்பெனிக்கு மானம், பெண்களுக்குப் பணம்!

கேள்வி: அந்தப் பெண்கள் யூனியன்களை ஒதுக்கிவைத்தது நன்றிகெட்ட செயல் இல்லையா? (யூனியன்காரர், வால்பாறை)

பதில்: மூன்று கொடிகளுக்குச் சந்தா கட்டியவர்கள் அவர்கள். தலைவர்கள் நிர்வாகத்தோடு ஒட்டிக்கொண்டார்கள் என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. 'பெம்பிளை ஒருமை' என்று பேர் வைத்து, கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்பி, வீட்டு ஆண்களையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ஆனால் கூலி பேசும் மேஜையில் மறுபடி பழைய யூனியன்களே உட்கார்ந்தன. 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கப் பெண்கள் கேட்டார்கள், 301-இல் முடிந்தது. கங்காணியைத் தட்டிக்கேட்கப் போனவரே கங்காணி ஆகிவிட்டால், உறுப்பினர் வேறென்ன செய்வார்? நன்றி எந்தப் பக்கம் பாக்கி என்று உங்கள் சந்தா நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்டிப்பான பாஸ் நல்லவரா, கெட்டவரா? பாலக்காட்டு உதாரணத்தோடு சொல்லவும். (வாசகர், சித்தூர்)

பதில்: ஒரே பள்ளியில் படித்த இருவரைச் சொல்கிறேன். டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது கட்சிகளை அலற வைத்தார். 1993-இல் அரசு அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு ஆணையர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. இன்னொருவர் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன். 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைச் சீராக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது, மேலதிகாரி அதை மூன்றாக்கினார், இவர் 46 நாளில் முடித்தார். பின்னாளில் இவருடைய திட்டங்களில் எஞ்சிய நாட்களைப் பின்னோக்கி எண்ணும் கடிகாரத்தை மாட்டினார்கள். கெடு எல்லாரும் பார்க்கும் சுவரில் தொங்கினால் பாஸையும் சேர்த்துக் கட்டிப்போடும். அது கண்டிப்பு. கெடு பாஸின் மனசுக்குள் மட்டும் இருந்தால், அது நச்சரிப்பு.

கேள்வி: வாரம் 90 மணி நேரம் உழைக்கணும் என்று எல் அண்ட் டி தலைவர் சொன்னாரே, உடம்பு தாங்குமா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: தோட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அடுப்பு, தண்ணீர், துணி, பிள்ளைகள் என்று வீட்டில் தினம் 6 மணி நேரம் வைத்தால் 42. மொத்தம் 90. தாங்குகிறது போலத்தான் தெரிகிறது. பேட்டி எடுக்கத்தான் யாரும் வரவில்லை.

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கும் ஆபீஸ் குரூப்பில் மெசேஜ் வருகிறதே? (வாசகர், நெல்லியாம்பதி)

பதில்: சங்கு ஊதினால் ஃபாக்டரி வேலை முடிந்தது என்று அர்த்தம். வாட்ஸாப்புக்கு இன்னும் யாரும் சங்கு ஊதவில்லை.

கேள்வி: கட்டுப்பாடே இல்லாத வேலையிடம் எங்காவது உண்டா? (வாசகர், மறையூர்)

பதில்: பீர்மேட்டில் இருந்தது. 2000-ஐ ஒட்டிச் சில எஸ்டேட்டுகளை முதலாளிகள் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். தொரை இல்லை, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் இல்லை, திட்ட ஆளில்லை. சம்பளமும் இல்லை. ஒழுகும் லயமும் கிராஜுவிட்டி பாக்கியும் மட்டும் மிச்சம். அதிகாரம் போகும்போது பொறுப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

கேள்வி: மகன் முதல் இன்டர்வியூவுக்குப் போகிறான். என்ன சொல்லி அனுப்பட்டும்? (வாசகி, போடி)

பதில்: என்ன கிடைக்கும் என்பதை அவனே கேட்டுவிடுவான். வேலையை விட்டால் என்னென்ன போகும் என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? பாண்டு எத்தனை வருஷம்? பதிலை யோசித்துச் சொல்கிறோம் என்றால், அவனும் யோசித்துச் சொல்லட்டும்.